கருவிக்கு முன் வாசிப்பைக் கற்றுத்தாருங்கள்

ஆசிரியர் பயிற்சித் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், வகுப்பறைக்கான கருவிகளையும் செயலிகளையும் தேர்ந்தெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

தொடக்க வகுப்புகளில் தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியை நான். வாசிப்பு வகுப்பில் ஒலிப்பதிவையும் பேசும் புத்தகத்தையும் திறன்பலகையையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு வருகிறேன். இன்னும் கற்க வேண்டும் என்ற ஆசை நிறையவே இருக்கிறது. அந்த ஆசையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் எங்களுக்கு ஏற்பாடு செய்யும் பயிற்சிகளில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. ஒரு குழந்தை எப்படி வாசிக்கக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. அதைப் பேசாமல் கருவியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வகுப்பறைக்குள் வந்ததும் அது உதவுவதில்லை.

பயிற்சி நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வருகைப்பதிவு. பிறகு கணக்குத் தொடங்குவது, கடவுச்சொல் வைப்பது, வைத்த கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு மறுபடி வைத்துக் கொடுப்பது. கருத்தாளர் திரையில் காட்டக் காட்ட நாங்கள் கைபேசியில் பின்தொடர்கிறோம். மாலைக்குள் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பது பழகிவிடுகிறது, சான்றிதழும் வந்துவிடுகிறது. இந்தச் செயலி எழுத்தே தெரியாத குழந்தைக்கா, எழுத்துத் தெரிந்தும் சொல்லாகச் சேர்க்கத் தடுமாறும் குழந்தைக்கா, மளமளவென்று வாசித்தும் பொருள் பிடிபடாத குழந்தைக்கா என்று கேட்டால், "எல்லாருக்கும்தான் டீச்சர்" என்று பதில் வருகிறது. கருத்தாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்தனுப்பிய குறிப்பேட்டிலேயே அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் வாசிப்பு வகுப்பில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லைக் கண்டுகொள்ளும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டாமல் பெருக்கியதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். கதை சொன்னால் கண் விரியக் கேட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் பிள்ளை, அதே கதையை அச்சில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவள் பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்றால் விழிக்கிறாள். இருவர் கையிலும் ஒரே எழுத்து விளையாட்டைக் கொடுத்து உட்காரவைப்பது அவளுடைய நேரத்தைக் களவாடுவதாகும்.

அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் தந்த அறிக்கை, வாசிப்புக் கற்பித்தலில் ஐந்து இழைகளை எடுத்துக்காட்டியது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்துக்கும் ஒலிக்குமான உறவு, சரளம், சொல்வளம், புரிதல். எந்தச் செயலியை எங்களிடம் தந்தாலும், இது இந்த ஐந்தில் எதற்கு உதவுகிறது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். அதற்கு மேல் பல பக்க விளக்கக் கையேடு எங்களுக்குத் தேவைப்படாது.

தமிழ் எழுத்தின் தன்மை இந்தத் தேர்வை இன்னும் நுட்பமாக்குகிறது. 247 எழுத்து என்ற எண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை மலைக்க வைக்கிறோம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் தெரிந்து, உயிர்க்குறிகளைச் சேர்க்கும் முறையும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் படிப்படியாகக் கைவந்துவிடும். பிள்ளைகள் தடுக்கி விழுவது குறிப்பிட்ட சில இடங்களில்தான். உகரக் குறி மெய்க்கு மெய் உருமாறுகிறது. கு, சு, து, மு ஆகிய நான்கிலும் நான்கு வடிவம். எகர ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ஒகர ஓகாரத்திலோ குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. 'கொடி' என்ற சொல்லை 'கெ' என்று தொடங்கிவிட்டு, துணைக்காலைக் கண்டதும் விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

வேறு மொழிக்காகச் செய்த செயலியில் எழுத்தை மட்டும் மாற்றி வைத்துத் தமிழ்ச் செயலி என்று தந்தால், இந்த இடங்களெல்லாம் அப்படியே விடுபட்டுவிடும். ஓர் எழுத்து, ஒரு படம், ஒரு கைதட்டல் ஒலி என்று உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முடிந்ததும் செயலியும் முடிந்துவிடுகிறது. படத்தை விரலால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டிப் பாருங்கள். எழுத்தைக் கற்றவர் யார், படத்தை மனப்பாடம் செய்தவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கருவி வாங்கும் முடிவை எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கச் சில நிமிடங்கள் போதும். 'கெ', 'கே', 'கொ', 'கோ' நான்கையும் பிரித்துப் பழக்க அதில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

எனக்கு இதுவரை மிகவும் உதவிய தொழில்நுட்பம் எது தெரியுமா? எல்லாக் கைபேசியிலும் இருக்கும் ஒலிப்பதிவு வசதிதான். எந்தப் பயிற்சியிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்டதில்லை.

ஒரு மாணவர் ஒரு பத்தியை வாசிக்கிறார், பதிவாகிறது. வகுப்பு முடிந்தபின் பத்தியின் நகலை முன்னால் வைத்துக்கொண்டு பென்சிலோடு கேட்கிறேன். எங்கே நின்றார், எதை விட்டார், எதை மாற்றினார், எங்கே தானே திருத்திக்கொண்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. வகுப்பில் நாற்பது சத்தங்களுக்கு நடுவே என் காதுக்கு எட்டாதவை அப்போது எட்டுகின்றன. நன்றாக வாசிக்கிறாள் என்று எல்லோரும் நினைத்த ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியின் பதிவில் இது வெளிப்பட்டது: 'ஓடிக்கொண்டிருந்தான்' என்பதை 'ஓடினான்' என்றாள், 'பழுத்திருந்தது' என்பதைப் 'பழுத்தது' என்றாள். சொல்லின் தலையை வாசித்துவிட்டு வாலை ஊகித்திருக்கிறாள். பொருள் ஏறக்குறைய சரியாகவே இருப்பதால் நேரில் கேட்கும்போது காது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழில் காலம், இடம், எண், எதிர்மறை எல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கின்றன. இன்று 'பழுத்தது' என்று ஊகிப்பவள், மேல்வகுப்பில் 'பழுக்காதது' என்பதையும் ஊகத்தால் கடந்துபோவாள். அவளுக்குத் தேவைப்பட்டது நீண்ட சொற்களை உறுப்புறுப்பாகப் பிரித்து வாசிக்கும் பயிற்சி. அதைக் கரும்பலகையில், சாக்பீஸால் கொடுத்தேன். கோளாறு எங்கே என்பதைக் காட்டித் தந்தது கைபேசி.

அதே பதிவை அவளே கேட்டபோது நடந்தது இன்னும் பயனுள்ளது. புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு தன் குரலைக் கேட்டவள், சட்டென்று தானே நிறுத்தி, "இதைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்" என்றாள். பிறகு திரும்பவும் வாசித்துப் பதிந்துகொள்ள அனுமதி கேட்டாள். ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்பதை வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979லேயே விளக்கியிருக்கிறார். படித்ததையே படிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும் என்பது எங்கள் பழைய சிக்கல். பதிவு இருந்தால் நேற்றைய குரலோடு இன்றைய குரலை ஒப்பிடலாம் என்ற ஆவல் அந்தச் சலிப்பைத் தள்ளிவைக்கிறது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளைகளும் வராந்தாவின் மூலையில் கைபேசியோடு தனியே இருந்தால் வாசிக்கிறார்கள்.

பிள்ளையின் வாசிப்பைத் தானே கேட்டு மதிப்பெண் போடும் செயலிகளும் இப்போது வருகின்றன. அவற்றை நான் ஆவலோடு பார்க்கிறேன். அதே அளவுக்குக் கவலையோடும் பார்க்கிறேன். வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் நாம் அறிந்ததே. 'மழை பெய்துகொண்டிருக்கிறது' என்ற வரியை ஒரு பிள்ளை 'மழை பெஞ்சிக்கிட்டிருக்கு' என்று வாசித்தால், அவன் எழுத்தைக் கண்டு, சொல்லை உணர்ந்து, பொருளைப் பிடித்து, அதைத் தன் மொழியில் சொல்லியிருக்கிறான். அச்சில் உள்ளபடி சொல்லப் பழக்க வேண்டும், சரிதான். ஆனால் எழுத்தே தெரியாமல் உளறியவனுக்கும் இவனுக்கும் ஒரே சிவப்புக் குறி விழுந்தால், இருவருக்கும் தேவையானது கிடைக்காது. அந்த வேறுபாட்டை ஆசிரியர் ஒரு நொடியில் அறிவார். மதிப்பீட்டை இயந்திரத்திடம் கொடுத்தாலும், அதை மாற்றும் உரிமையை எங்களிடம் விட்டுவையுங்கள். பதிவாகும் குழந்தைக் குரல்கள் எந்தக் கணினிக்குப் போகின்றன, எத்தனை காலம் அங்கே இருக்கும், யார் கேட்க முடியும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதித் தந்து, அவர்களுடைய இசைவைப் பெற்ற பிறகே அவற்றை வகுப்புக்குள் விடுங்கள்.

அடுத்தது, பேசும் புத்தகங்கள். திரையில் கதை ஓடும், குரல் வாசிக்கும், சொற்கள் வண்ணம் மாறும், தொட்டால் பறவை பறக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்பதே போதுமான காரணமாகச் சொல்லப்படுகிறது. நார்வேயில் உள்ள ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட பகுப்பாய்வு, எட்டு வயது வரையுள்ள 1,812 குழந்தைகளைப் பற்றியது. தாள் புத்தகத்தை அப்படியே திரையில் ஏற்றிக் குரலையும் வண்ணக் குறியையும் மட்டும் சேர்த்தபோது, கதையைப் புரிந்துகொள்வதில் தாள் புத்தகமே முந்தியது. கதையின் போக்கைப் பிடித்துக்கொள்ள உதவும் சேர்க்கைகள் இருந்தபோது திரை முந்தியது. சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும் அகராதி வசதி, சொற்களைக் கற்க உதவியதே தவிரக் கதையைப் புரிந்துகொள்ள உதவவில்லை. 2015இல் 43 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு பகுப்பாய்வும், கதையோடு ஒத்துப்போகும் அசைவும் ஒலியும் பயன் தருகின்றன, இடையிடையே வரும் விளையாட்டுகளும் தொட்டுப் பார்க்கும் வேடிக்கைகளும் கவனத்தைக் கலைக்கின்றன என்ற முடிவுக்குத்தான் வந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு புத்தகத்தைத் தேர்வது எனக்கு எளிதாகிவிட்டது. நரி குகைக்குள் நுழைகிறது என்ற வரியில் நரி நுழைந்தால் வைத்துக்கொள்கிறேன். அதே பக்கத்தில் பூவைத் தொட்டால் பூ சிரிக்கும் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுகிறேன். அணைக்க முடியாது என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம். குரலிலும் ஒன்றைப் பார்க்கிறேன். தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை நிற்கும் இடத்துக்கேற்ப ஒலி மாறுபவை. வடமொழியிலிருந்து வந்த சொற்களில் அந்த மாற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு இல்லை. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் இங்கே சறுக்குவதுண்டு, வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்திலும் சறுக்குவதுண்டு. எழுத்தோடு ஒலியை முதன்முதலாக இணைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மனிதர் வாசித்த பதிவே தேவை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மென்பொருள் குரல் போதும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கோ அது ஒரு வாசலையே திறந்துவிடுகிறது, அங்கே அதைத் தடுக்க எந்த நியாயமும் கிடையாது.

"இந்தத் தலைமுறை திரையோடு பிறந்தது, தாள் இனி எதற்கு" என்று மேடையில் சொல்லாதீர்கள். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,71,055 பேர். தகவல் சார்ந்த பகுதிகளைப் படித்துப் புரிந்துகொள்வதில் தாளுக்கே மேன்மை இருந்தது. நேர நெருக்கடியில் படித்தபோது அந்த மேன்மை கூடியது. கதைகளில் வேறுபாடு தென்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் திரைக்குப் பழகி இடைவெளி குறையும் என்று நினைக்கலாம், அது கூடியிருந்தது. ஆகவே அறிவியல் பாடத்தையோ வரலாற்றுப் பாடத்தையோ பிள்ளைகள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய நேரத்தில் அச்சிட்ட பக்கத்தையே கையில் கொடுக்கிறேன். இதற்காக ஒரு ஆசிரியரைப் பழமைவாதி என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதினால் அது அநியாயம்.

கருவி வந்துவிட்டால் கற்றலும் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை உலகம் ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கணினிகள் பள்ளிக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன, பிள்ளைகள் பயன்படுத்தவும் செய்தார்கள். மொழியிலும் கணக்கிலும் தேர்ச்சி உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015இல் தந்த அறிக்கையும், கல்விக்கான கணினி வசதியில் பெருமளவு முதலீடு செய்த நாடுகளின் வாசிப்புத் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்றது. கருவி வேண்டாம் என்று சொல்ல இவற்றை நான் எடுத்துக்காட்டவில்லை. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அதைக் கையாளும் ஆசிரியருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே எடுத்துக்காட்டுகிறேன்.

ஆசிரியர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதும் ஆராய்ந்து அறியப்பட்ட ஒன்றுதான். பயிற்சி அரங்கில் கேட்டது வகுப்பறைக்குள் போய்ச் சேர, கூடவே இருந்து கைகொடுக்கும் ஒருவர் தேவை என்று புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற கல்வி ஆய்வாளர்கள் 1980களிலேயே வலியுறுத்தினார்கள். அத்தகைய உடனிருந்து வழிகாட்டும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு பகுப்பாய்வில், ஆசிரியரின் கற்பித்தலும் மாணவர் தேர்ச்சியும் உயர்ந்தது தெரிந்தது. பெரிய அளவில் விரித்த திட்டங்களில் அந்தப் பலன் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஒரே ஆணையில் எல்லாப் பள்ளிகளுக்கும் பரப்ப நினைக்கும் உங்களுக்கு அது முக்கியமான செய்தி. 2006இல் கல்வி ஆய்வாளர்கள் புண்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் ஆசிரியர் நிற்கிறார் என்றார்கள். எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சியோ மூன்றாவதோடு முடிந்துவிடுகிறது.

நான் கற்றதெல்லாம் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம்தான். அவர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும், "திறன்பலகையில் சொல்லைத் தட்டியது நீங்கள்தானே டீச்சர், பிள்ளைகளில் யார் வாசித்தார்கள்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு பலகையில் சொல் தோன்றியதும் நான் ஒதுங்கி நின்று, பிள்ளைகள் வாசித்த பிறகே ஒலியை விடப் பழகினேன். இதற்கு எந்தப் புதிய கருவியும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அவரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே வகுப்பில் இருக்க, பாடவேளை அட்டவணையில் ஓர் இடைவெளி தேவைப்பட்டது. அந்த இடைவெளியை நாங்கள் எங்கள் ஓய்வு நேரத்திலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு தொல்லை, சிறியதாகத் தெரியும், ஆனால் தினமும் தின்னும். பல ஆண்டுகளாக நாங்கள் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த வாசிப்புப் பத்திகளும் கதைகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றைப் புதிய செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக விழுகின்றன. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவந்தாலும் சில இடங்களில் கொம்பு தனியே, மெய் தனியே, நடுவில் ஒரு புள்ளி வட்டம். 'கொடி' என்ற சொல்லிலேயே தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை எப்படிக் காட்டுவது? தரம் பார்த்துத் திருத்திய, ஒருங்குறியில் அமைந்த, எளிமையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகும் வாசிப்புப் பத்திகளின் தொகுப்பு ஒன்றை எல்லா ஆசிரியருக்கும் திறந்து வையுங்கள். புதிய செயலி ஒன்றை வாங்குவதைவிட அது எங்களுக்குப் பல மடங்கு உதவும்.

கருவியின் பயனை எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று அளப்பதை நிறுத்துங்கள். நிமிடக் கணக்கு மேலே போக வேண்டும் என்பதற்காகத் திரையைத் திறந்து வைத்துவிட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தும் நிலைக்கு ஆசிரியர்களைத் தள்ளாதீர்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பத்தி, நடுவில் ஒரு பத்தி, இறுதியில் ஒரு பத்தி. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, வாசித்ததைப் பற்றிப் பேசச் சொல்லி, அந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். ஓராண்டுக்கு ஒரே ஒரு கருவியை மட்டும் எங்களிடம் தந்து, அதை முழுதாகப் பழக விடுங்கள். பயிற்சி நாளில் முற்பகல் முழுவதும் வாசிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். கருவி பிற்பகலில் வரட்டும். சக ஆசிரியர் வகுப்பைப் பார்க்க வாரத்தில் ஒரு பாடவேளையை அட்டவணையிலேயே ஒதுக்குங்கள்.

அடுத்த பயிற்சிக்கான பாடத்திட்டத்தை வகுக்க நீங்கள் கூடும்போது, முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் சிலரையும் அந்த மேசையில் உட்காரவையுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன். பெற்றோரின் இசைவோடு, பெயர் நீக்கிய சில வாசிப்புப் பதிவுகளைக் கொண்டுவருகிறேன். முதலில் அவற்றைச் சேர்ந்து கேட்போம். எந்தச் செயலி வாங்கலாம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

நம்பிக்கையுடன்,
ஒரு தொடக்க வகுப்பு ஆசிரியை